எல்லையில் வசிப்பது: விழுப்புரம் – புதுச்சேரி எல்லையும் வரிக்கான வசிப்பிட விதிகளும்

வரிக்கான வசிப்பிடம் என்பது, ஓர் அரசு தன் வரியை யாரிடம் கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் சட்டக் கருத்தாகும். ஒருவர் எங்கே பிறந்தார், எந்த நாட்டின் குடிமகன் என்பவை இங்கு முதல் கேள்விகள் அல்ல. அவர் எங்கே வாழ்ந்தார், எத்தனை நாள் வாழ்ந்தார், அவருக்கு அங்கே வீடு இருந்ததா என்பவையே முதலில் பார்க்கப்படுகின்றன. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளுக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான எல்லை இந்தக் கருத்தின் வரலாற்றைப் படிக்க மிகவும் ஏற்ற இடம். ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாவுக்குப் போய், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மக்கள் இந்த எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். கோட்டின் எந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது என்பதை வைத்து அவர்களின் வரி மாறியிருக்கிறது.

எல்லையின் அமைப்பு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர் ஒரே பயணத்தில் பலமுறை எல்லையைக் கடக்கிறார். வளவனூரைத் தாண்டியபின் வரும் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதற்கடுத்த அரியூர் மீண்டும் புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே நிலைதான். முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதலியார்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்து வடக்கே சென்றால் மறுபடியும் புதுச்சேரியைச் சேர்ந்த காலாப்பட்டு வரும். பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது.

இந்தக் கோடு ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து வரைந்தது அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிராமங்கள் பல தவணைகளில் மானியமாகக் கிடைத்தன. எந்தக் கிராமம் கிடைத்ததோ அது பிரெஞ்சு, இடையில் விடுபட்டது ஆங்கிலேயருடையது என்று ஆயிற்று. ஆங்கிலேயருடனான போர்களில் பலமுறை கைமாறிய இந்த ஊர்கள் 1814ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது துண்டு துண்டாகவே வந்தன. அந்தத் துண்டுகளே இன்றும் ஒன்றிய ஆட்சிப்பகுதியின் எல்லையாக நிலைத்துள்ளன. ஆங்கிலேயர் பக்கம் இருந்தது தென்னார்க்காடு மாவட்டம். அதிலிருந்து 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டது.

இந்த எல்லை என்றதும் மாணவர்களுக்கு 1908இல் புதுச்சேரிக்குச் சென்ற பாரதியார்தான் நினைவுக்கு வருவார். கைதுக்கு அஞ்ச வேண்டியவர்களுக்கு எல்லைக்கு அப்பால் வசிப்பது பாதுகாப்பாக இருந்தது. வணிகர்களுக்கு அதே எல்லை வேறொரு கணக்கைக் காட்டியது.

முதலில் சரக்குக்குத்தான் வரி

19ஆம் நூற்றாண்டில் எல்லையில் நின்ற அதிகாரி, வருபவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்கவில்லை. மூட்டையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். உப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. பிரெஞ்சுப் பகுதியிலும் உப்பு விளைந்தது. வரி கட்டாத பிரெஞ்சு உப்பு தங்கள் பகுதிக்குள் வந்தால் உப்பு ஏகபோகம் குலையும் என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே 1815இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சுப் பகுதியில் உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சும் உப்பை ஆங்கிலேயருக்கே விற்க வேண்டும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தரப்படும். ஒரு மூட்டை உப்பு எல்லை தாண்டாமல் இருப்பதற்கு எவ்வளவு பெரிய விலை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1879இல் விழுப்புரம் – புதுச்சேரி இரயில் பாதை திறக்கப்பட்டது. தென்னார்க்காட்டு நிலக்கடலை, அதாவது எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லப்படுவது, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. விளைவித்தவர் ஆங்கிலேய ஆட்சியில், ஏற்றுமதி செய்தவர் பிரெஞ்சு ஆட்சியில். இடையில் நிலச்சுங்கம். 1924ஆம் ஆண்டு நிலச்சுங்கச் சட்டம் இத்தகைய எல்லைகளுக்கான விதிகளை ஒழுங்குபடுத்தியது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டதால் எல்லைச் சோதனை தளர்ந்தது. விடுதலைக்குப் பின் 1949 மார்ச் இறுதியுடன் இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. மீண்டும் சுங்க வேலி எழுந்தது. தங்கம், கைக்கடிகாரம் போன்றவை புதுச்சேரியில் இறங்கி வயல் வரப்புகள் வழியாகத் தென்னார்க்காட்டுக்குள் வந்த காலம் அது.

ஆளுக்கு வரி: 182 நாள்

சுங்கம் பொருளைப் பின்தொடர்வது போல வருமான வரி மனிதரைப் பின்தொடர்கிறது. அதற்கு அந்த மனிதர் எங்கே வசிப்பவர் என்று தெரிய வேண்டும். 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டம் தொடக்கத்தில் இதற்குத் தனி விளக்கம் தரவில்லை. 1939இல் செய்யப்பட்ட திருத்தத்தில் 4ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓராண்டில் 182 நாளோ அதற்கு மேலோ தங்கியவர் வசிப்பவர். அவ்வளவு நாள் தங்காவிட்டாலும், 182 நாள் அவருக்காக ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அந்த ஆண்டில் அவர் சிறிது காலமேனும் வந்திருந்தால் அவரும் வசிப்பவர். முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இருந்தவர், தற்செயலாக அல்லாமல் மீண்டும் வந்தால் அவரும் வசிப்பவரே. வசிப்பவர் என்று முடிவானால் வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும்.

இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் கூட்டு வணிகத்துக்கும் விதி வேறு. அவற்றின் நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுவதும் வெளிநாட்டில் இருந்தாலொழிய அவை இங்கே வசிப்பவையாகவே கொள்ளப்படும். இங்கே ‘முழுவதும்’ என்ற ஒரு சொல்தான் பல குடும்பங்களின் கணக்கைப் புரட்டியது.

இதற்கு இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் எடுத்துக்காட்டு, உச்சநீதிமன்றம் 1950 டிசம்பரில் தீர்ப்பளித்த சுப்பையா செட்டியார் வழக்கு. குடும்பத் தலைவர் மனைவி மக்களுடன் கொழும்பில் வசித்துத் தொழில் செய்தார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூர்வீக வீடு இருந்தது. அதில் அவருடைய தாயார் இருந்தார். 249 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலமும் இருந்தது. அவர் அந்த ஆண்டில் ஏழு முறை வந்து மொத்தம் 101 நாள் தங்கினார். 182 நாளுக்கு இது மிகக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் வழக்கு தனிமனிதரைப் பற்றியது அல்ல, குடும்பத்தைப் பற்றியது. வந்திருந்த நாட்களில் அவர் நிலம் தொடர்பான வழக்கைக் கவனித்தார், வரி விசாரணைக்குச் சென்றார், இரண்டு கூட்டு வணிகங்களையும் தொடங்கினார். குடும்பத்தின் நிர்வாகம் முழுவதும் கொழும்பில்தான் இருந்தது என்பதை அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. ஆகவே குடும்பம் பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பது என்றே தீர்ப்பாயிற்று.

வழக்கு கொழும்பைப் பற்றியதாக இருந்தாலும் தென்னார்க்காட்டுக்கும் இது பொருந்தும். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அன்றைய புதுச்சேரியும் கொழும்பைப் போல வெளிநாடுதான். திண்டிவனத்தில் வீடும் நிலமும் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் மல்லாட்டை மண்டி நடத்திய ஒரு கூட்டுக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டும். புதுச்சேரிக்கு மாட்டு வண்டி போதும். காலையில் மண்டிக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒருவர், நிர்வாகம் முழுவதும் அந்தப் பக்கம்தான் என்று எப்படிக் காட்ட முடியும்? தூரம் குறையக் குறைய மெய்ப்பிப்பது கடினமாகிறது.

சரக்குக்கு 1954, வருமானத்துக்கு 1963

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சுங்க வேலி நீங்கிற்று. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும்.

ஆனால் வரி வரலாற்றில் இன்னொரு நாளும் முக்கியமானது. இந்திய வருமான வரிச் சட்டம் புதுச்சேரிக்கு 1963 ஏப்ரல் 1 முதல்தான் விரிவாக்கப்பட்டது. ஆட்சி மாறிச் சரக்குகள் தடையின்றி ஓடத் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே வருமான வரி எல்லையைத் தாண்டியது. அந்த இடைக்காலத்தில் கோட்டக்குப்பத்தில் வசித்தவருக்கு இந்திய வருமான வரி உண்டு. அடுத்த தெருவான முத்தியால்பேட்டையில் வசித்தவருக்கு அது இல்லை. நடுவே சுங்கச் சாவடியும் இல்லை.

1963இல் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வசிப்பவரை அந்த ஓராண்டை மட்டும் வைத்து எடைபோடுவதில்லை. சில சோதனைகளில் முந்தைய நான்கு ஆண்டுகளையும், ஒரு சோதனையில் முந்தைய பத்து ஆண்டுகளையும் திரும்பிப் பார்க்கிறது. 1963இலிருந்து பத்து ஆண்டு பின்னோக்கிப் போனால் 1953 வருகிறது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், நான் இந்தியாவில் இருந்ததே இல்லை என்று சொல்லலாம் அல்லவா?

சட்டம் இதற்கு வழி செய்தது. 2ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட 25ஏ என்ற உட்பிரிவு, வசிப்பிடத்தைக் கணக்கிடும் 6ஆம் பிரிவின் நோக்கத்துக்கு மட்டும், எந்தக் காலமாக இருந்தாலும் புதுச்சேரியை இந்தியாவில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. கோவாவுக்கும் தாத்ரா நகர் ஹவேலிக்கும் இதே விதிதான். வருமானத்தைக் கணக்கிடுவது மட்டும் 1963 முதல். ஆட்சி வரலாற்றில் 1953இல் பிரான்சுக்கு உரியதாக இருந்த ஊர், வசிப்பிடக் கணக்கில் மட்டும் இந்தியாவாகிவிட்டது. வரலாற்றைச் சட்டம் இவ்வளவு அமைதியாகத் திருத்தி எழுதிய வேறு இடத்தை நான் கண்டதில்லை.

குடியுரிமை வேறு, வசிப்பிடம் வேறு

1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 4 முதல் 7 வரையிலான பிரிவுகளையும் இங்கே பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து அன்று அங்கே வாழ்ந்திருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாவர். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். அங்கே பிறந்து இந்தியாவின் பிற பகுதிகளில், சான்றாக விழுப்புரத்தில், வாழ்ந்தவர்களுக்கும் இவ்வாறே. ஆனால் அங்கே பிறந்து மூன்றாம் நாடு ஒன்றில் வாழ்ந்தவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிப்பார். அவர்தான் இந்தியக் குடியுரிமை வேண்டுமென்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்த ஊர் ஒன்றாக இருந்தும், அந்த நாளில் வாழ்ந்த இடம் முடிவை மாற்றியது.

பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு புதுச்சேரியிலேயே வாழ்பவர் இந்திய வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர்தான். இரு நாடுகளும் ஒருவரைத் தம்மிடம் வசிப்பவர் என்று சொன்னால், 1992இல் செய்துகொண்ட இந்திய–பிரெஞ்சு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வரிசையாகக் கேள்விகளைக் கேட்கிறது. நிலையான வீடு எங்கே? இரு இடத்திலும் வீடு இருந்தால், குடும்பமும் பொருளாதார உறவும் எந்த நாட்டில் நெருக்கமாக உள்ளன? அதிலும் முடிவு கிடைக்காவிட்டால், வழக்கமாகத் தங்குவது எங்கே? இவற்றுக்குப் பின்னரே குடியுரிமை கேட்கப்படுகிறது.

மாணவர்கள் பலர் பிறப்பிடச் சான்று, குடியிருப்புச் சான்று, குடியுரிமை மூன்றையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும்போதுதான் குழப்பம் தெரியவரும். முதலாவது எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்வது. இரண்டாவது இப்போது எங்கே இருக்கிறோம் என்பது. மூன்றாவது நாட்டோடு உள்ள சட்ட உறவு. வரிக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதே.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் தனித்தனியே வருமான வரி விதிக்கின்றன. ஃபுளோரிடாவில் தனிநபர் வருமான வரி இல்லை, நியூயார்க்கில் உண்டு. நியூயார்க்கில் நிலையான வீடு வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால், ஃபுளோரிடாதான் என் ஊர் என்று சொன்னாலும் வரி உண்டு. இந்தியாவில் வேளாண்மை தவிர்த்த வருமானத்தின் மீதான வரி ஒன்றிய அரசுக்கு உரியது. ஆகவே 1963க்குப் பின் திண்டிவனத்தில் இருந்தாலும் புதுச்சேரியில் இருந்தாலும் வருமான வரி ஒன்றுதான். மாநிலத்துக்கு மாநிலம் வசிப்பிடத்தால் மாறும் வரி, சாதாரண மக்கள் அளவில், வாகன வரியே.

பி.ஒய். பதிவெண்

எங்கள் பகுதிச் சாலைகளில் டி.என். 16 என்றால் திண்டிவனம், டி.என். 32 என்றால் விழுப்புரம், பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உரிமையாளரின் வசிப்பிடமோ தொழிலிடமோ எங்கு உள்ளதோ, வாகனம் வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறதோ, அங்கே பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். வரியோ மாநிலங்களின் உரிமை. தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி வாங்கப்படுகிறது.

கார் விலையில் இத்தனை விழுக்காடு என்று தமிழ்நாடும் கேரளமும் வாழ்நாள் வரி வாங்கிய காலத்தில், புதுச்சேரி விலை அடுக்குகளுக்கு ஏற்ப நிலையான தொகையை வாங்கியது. விலை ஏற ஏற வித்தியாசம் பெருகியது. 2017இல் கேரளத்தில் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு வரி. கோடி ரூபாய் காருக்கு 20 இலட்சம் ஆகும். அவ்வாண்டில், கேரளத்தில் வாழும் சில திரைப்பட நடிகர்களும் வசதி படைத்தோரும் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்திருப்பதாகப் புகார் எழுந்து, கேரளத்தில் குற்றப்பிரிவு விசாரணை நடந்தது. கொடுக்கப்பட்ட முகவரியில் குடியிருந்தவர்களுக்கே அந்தக் காரைப் பற்றித் தெரியவில்லை என்று செய்திகள் வந்தன. வாடகை ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தால் வசிப்பவர் ஆகிவிடலாம் என்ற எண்ணமே இதன் வேர். சட்டம் கேட்பது காகிதத்தை அல்ல, வசிப்பதை. காகிதம் வசிப்பதற்குச் சான்று மட்டுமே.

எல்லைக் கிராமங்களில் நிலைமை இப்படி ஏமாற்றாகவே இருப்பதில்லை. கோட்டக்குப்பத்தில் வீடும் புதுச்சேரி நகரில் கடையும் வைத்திருப்பவர் உண்மையாகவே இரண்டு இடத்துக்கும் உரியவர். 40ஆம் பிரிவு வசிப்பிடம் அல்லது தொழிலிடம் என்று இரண்டையும் ஏற்பதால் அவர் புதுச்சேரியில் பதிவு செய்வது குற்றமாகாது, வாகனம் வழக்கமாக அங்கே நிற்கும் வரையில். இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பது அப்போது வரிக் கேள்வியாகிறது. இத்தகைய குடும்பங்களையும், சென்னையில் வாழ்ந்துகொண்டு புதுச்சேரியில் பெயருக்கு முகவரி வாங்குபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து.

தமிழ்நாடு 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை உயர்த்தியது. 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு இங்கும் 20 விழுக்காடு ஆயிற்று. 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட ஆம்னி பேருந்துகள் தமிழ்நாட்டுக்குள் இயங்கத் தடை வந்தது. அடிக்கடி மாநிலம் மாறும் ஊழியர்களுக்காக ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் பி.எச். என்று தொடங்கும் பதிவு வரிசையை அறிவித்தது. இதில் வாழ்நாள் வரிக்குப் பதில் இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி செலுத்தலாம். ஊர் மாறும்போது பதிவெண் மாற்ற வேண்டியதில்லை.

இன்றைய நிலை

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கு வரிப் பங்கு போகும். விகிதம் இருபுறமும் ஒன்றே. மதுவும் பெட்ரோலும் இந்த வரிக்கு வெளியே இருப்பதால் அவற்றின் விலை மட்டும் எல்லையில் மாறுகிறது. அங்கே வசிப்பிடம் பேசுவதில்லை, 1815இல் உப்புக்கு நடந்ததுபோல மூட்டையைத்தான் சோதிக்கிறார்கள்.

வருமான வரியில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் 182 நாள் விதியை வைத்திருக்கிறது. வாகனப் பதிவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வசிப்பிடம் உள்ள மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவு செய்யலாம் என்று 40ஆம் பிரிவை விரிவாக்கியது. அதன்படி திண்டிவனத்தில் மட்டும் வீடும் தொழிலும் உள்ள ஒருவர், 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாகர்கோவிலில் தம் காரைப் பதிவு செய்யலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரியில் முடியாது.